அளவறிந்து ஏற்றல்

நடுநாட்டுத் தலங்களுள் புகழ் மிக்கது திருவண்ணாமலை. அங்குள்ள அருணாசலேசுவரர் திருக்கோயிலின் நான்கு திசைகளிலும் நான்கு பெருங்கோபுரங்கள் நிற்கின்றன. கிழக்கே நிற்பது இராசகோபுரம். தெற்கே திருமஞ்சன கோபுரம். மேற்கே பேய்க் கோபுரம். வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். இராசகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. கார்த்திகைத் தீபத் திருநாளில் இலட்சக்கணக்கான மக்கள் இவ்வூரில் வந்து திரள்வர். முழுமதி நாள்களில், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் விடியுமட்டும் மக்கள் நடந்தவண்ணம் இருப்பர். அவர்கள் தமிழர் மட்டும் அல்லர். ஆந்திரம், தெலங்கானம், கருநாடகம் முதலிய பகுதிகளிலிருந்து வருவோரும் பலர்.

இத்துணைப் பேர் வந்து செல்லும் வாயிலுக்குக் கடமைகள் இரண்டு உண்டு. வருவோர் எவ்வூரினர், எம்மொழியினர் என்று பாராது உள்ளே விடுதல் முதற் கடமை. வந்தவருள் ஒருவர் வழியை அடைத்துக்கொண்டு பிறரை நிறுத்திவிடாதபடி காத்தல் இரண்டாவது கடமை. முதற் கடமையை மறந்த வாயில் சுவராகிவிடும். இரண்டாவது கடமையை மறந்த வாயிலும் இறுதியில் சுவராகவே முடியும்.

இக்காலத்தில் கண்ணுக்குப் புலனாகாத வாயில்கள் பல தோன்றியுள்ளன. பேருந்தில் இருக்கை பதிவு செய்தல், தேர்வு முடிவு அறிதல், மின்கட்டணம் செலுத்துதல், உறவினர்க்குச் செய்தி அனுப்புதல் ஆகிய யாவும் இணையத்தின் வழியே நிகழ்கின்றன. இவற்றை நடத்தும் மென்பொருள்கள், முன்பின் அறியாத ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பும் எழுத்துகளை ஏற்கின்றன, ஏற்றவற்றை ஒழுங்குபடுத்துகின்றன, பின்பு திரையில் எழுதிக் காட்டுகின்றன. அனுப்பப்படும் எழுத்துகளை உள்ளீடு என்பர். யார் அனுப்புவார், எதை அனுப்புவார், எவ்வளவு அனுப்புவார் என்பதை மென்பொருள் முன்கூட்டி அறியாது.

ஒருவர் அனுப்பிய உள்ளீட்டினால் மென்பொருள் செயலற்று நின்று, மற்றையோர் எவருக்கும் பயன்படாமற் போதலும் உண்டு. அதனைச் 'சேவை மறுப்பு' என்பர் கணினி வல்லுநர். இதில் பொருள் எதுவும் களவு போவதில்லை. பூட்டு உடைபடுவதும் இல்லை. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே செல்லத்தான் இயலவில்லை. ஆயினும், மருத்துவமனையில் முறை பெற வேண்டிய நோயாளிக்கும், விண்ணப்பம் அனுப்ப இறுதி நாளாகிய அன்று தளம் திறவாமல் தவிக்கும் மாணவனுக்கும் இது களவினும் சிறிய துன்பம் அன்று.

வலிமை மிக்க கணினியை எளிய எழுத்துகள் எங்ஙனம் நிறுத்தும் என்ற ஐயம் எழலாம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கோயிலில் அருச்சனைச் சீட்டுப் பெற்றவர் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் கூற, அருச்சகர் அவற்றை ஓதுவார். ஒருவர் பெயர் கூறுவதற்குப் பதிலாக ஒன்பது துண்டுத் தாள்களை நீட்டுகிறார் என்று கொள்க. முதல் தாளில், 'இரண்டாம் தாளில் உள்ளதைப் பத்து முறை செய்க' என்று மட்டும் எழுதியுள்ளது. இரண்டாம் தாள் மூன்றாம் தாளைப் பத்து முறை செய்யச் சொல்கிறது. இவ்வாறே எட்டாம் தாள்வரை செல்கிறது. ஒன்பதாம் தாளில், 'அருணாசலம் என்னும் பெயரைப் பத்து முறை ஓதுக' என்று காண்கிறது.

ஒன்பது தாள்களும் ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், ஓத வேண்டிய பெயர்களோ பத்தைப் பத்தால் ஒன்பது அடுக்காகப் பெருக்கிய தொகை. அஃதாவது 100 கோடி. நொடிக்கு ஒரு பெயராக இரவும் பகலும் ஓயாது ஓதினாலும் 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அருச்சகர் கடமை தவறாதவராயின், பின்னால் நிற்போர் அனைவரும் வீடு திரும்ப வேண்டியதுதான். இங்கே தவறு அவருடைய சோம்பல் அன்று. அளவு பாராமல் எடுத்துக்கொண்ட உழைப்பே தவறாயிற்று.

இது வெறுங்கற்பனை அன்று. எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில், ஒரு குறும்பெயருக்கு ஒரு நீண்ட தொடரைப் பொருளாக வரையறுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அவ்வசதியைக் கொண்டு, சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைப் பத்துப் பத்தாக அடுக்கி, நூறு கோடி முறை விரியுமாறு சிலர் எழுதினர். ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளில் அடங்கும் அந்த ஏடு, விரிக்கத் தொடங்கினால் 300 கோடி எழுத்துகளாகப் பெருகிக் கணினியின் நினைவகத்தை நிரப்பிவிடும். 'நூறு கோடிச் சிரிப்பு' என்பது இதற்கு வழங்கும் பெயர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இஃது அறியப்பட்டது. இன்று எக்ஸ்எம்எல் ஏட்டை ஏற்கும் நல்ல மென்பொருள்கள், எத்தனை அடுக்கு விரிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. அல்லது, அயலார் அனுப்பும் ஏட்டில் அவ்வசதியையே ஏற்பதில்லை.

தீய எண்ணம் இருந்தால்தான் இத்தகைய கேடு விளையும் என்று கருதுதல் கூடாது. மென்பொருள் எழுதுவோர் தம்முள் வினா விடை பகிர்ந்துகொள்ளும் தளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்பது. 2016ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் அத்தளம் 34 நிமிடங்கள் செயலற்று நின்றது. காரணம் யாது? ஒருவர் எழுதி அனுப்பிய பகுதியில், ஒரு வரியின் இடையே ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து இருந்தன. சொற்களுக்கு இடையே நாம் விடும் இடைவெளியே வெற்றிடம் எனப்படுகிறது. எழுத்தே அல்லாத ஒன்றினால் ஒரு பெருந்தளம் நின்றது.

அது நிகழ்ந்த விதம் அறியத்தக்கது. வரியின் முதலிலும் இறுதியிலும் வீணாக உள்ள வெற்றிடங்களை நீக்க அத்தளம் ஒரு விதியை வைத்திருந்தது. இறுதி வெற்றிடத்தைத் தேடிய கணினி, முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 வரை எண்ணிச் சென்றது. அங்கே வரி முடியவில்லை. வேறோர் எழுத்து நின்றது. ஆகவே, கணினி திரும்பி வந்து இரண்டாம் வெற்றிடத்திலிருந்து 19,999 எண்ணியது. பின்பு மூன்றாவதிலிருந்து எண்ணியது. இவ்வாறு ஒவ்வொன்றிலிருந்தும் தொடங்கித் தொடங்கி எண்ணிய தொகையை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். 20,000ஐ 20,001ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 20 கோடிக்குச் சற்று மேல் வரும். அப்பகுதி தளத்தின் முகப்பில் இடம்பெற்றதனால், முகப்பைப் பார்க்க வந்த ஒவ்வொருவருக்காகவும் அவ்வுழைப்பு மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. முகப்பைத் திறந்து பார்த்தே கணினிகளின் நலத்தை அறிந்துவந்த மற்றொரு பொறி, அவை யாவும் செயலிழந்தன என்று முடிவு செய்து, வருவோரை அவற்றிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பின்னர் அவ்விதியை அகற்றி, வரியின் ஓரங்களை மட்டும் நேரே பார்த்து வெட்டும் எளிய முறையை வைத்துக் குறையை நீக்கினர்.

உள்ளீட்டைத் திரையில் எழுதிக் காட்டும்போதும் இடர் நேர்வது உண்டு. இதனை உணர, எழுத்தைக் கணினி எழுதும் முறையை முதலில் அறிதல் வேண்டும். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். நாம் கையால் எழுதும்போது முதலில் கொம்பும், அடுத்துக் ககரமும், பின்பு காலும் இடுகிறோம். கணினியோ, ஒலிமுறையைப் பின்பற்றி முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் நினைவில் வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போது அந்த ஒரு குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். தெலுங்கு, வங்காளம், தேவநாகரி முதலிய எழுத்து முறைகளில் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் இணைந்து புதிய வடிவம் கொள்ளும். ஆகவே, நம் நாட்டு மொழிகளைத் திரையில் எழுதுதல் எழுத்துகளை வரிசையாக அடுக்கும் எளிய பணி அன்று. ஒவ்வொரு முறையும் சேர்த்தும் பிரித்தும் இடம் மாற்றியும் செய்யும் நுண்பணியாகும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் இந்நுண்பணியில் ஒரு குறை வெளிப்பட்டது. ஜகர மெய்யும் ஞகரமும் கூடி ஆகாரம் ஏறிய தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று உண்டு. தெலுங்கில் ஞானம் என்னும் சொல்லின் முதலெழுத்து அது. அதன் உறுப்புகளுக்கு இடையே, 'இவற்றை ஒட்டாதே' என்று பொருள்படும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றும் அமைந்துவிட்டால், ஐந்து குறிகளால் ஆன ஒரு தொடர் உருவாகும். அத்தொடர் செய்தியில் வந்தவுடன், அதனை எழுதிக் காட்ட முயன்ற செயலி நின்றுபோயிற்று. மீண்டும் திறந்தால், முதலில் அதையே காட்ட முயன்று மீண்டும் நின்றது. அறிவிப்பாக முகப்புத் திரையில் தோன்றினாலோ, முகப்பை இயக்கும் மென்பொருளே வீழ்ந்தது. ஞானத்தின் முதலெழுத்து கருவியின் அறிவை மயக்கியது வியப்பன்றோ!

பின்னர் ஆராய்ந்தோர், இது தெலுங்குக்கு மட்டும் உரிய நிகழ்ச்சி அன்று என்றும், வங்காள எழுத்திலும் தேவநாகரியிலும் இதே அமைப்புடைய தொடர்கள் பலவற்றுக்கு இவ்விளைவு உண்டு என்றும் கண்டனர். அந்நிறுவனம் அதே திங்கள் 19ஆம் நாள் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. உள்ளீட்டை மேலும் செம்மையாகச் சரிபார்ப்பதனால் குறை நீக்கப்பட்டது என்பதே அத்திருத்தத்துடன் அது தந்த விளக்கம்.

இந்நிகழ்ச்சியைச் சிலர், 'கைப்பேசியைக் கொல்லும் தெலுங்கு எழுத்து' என்று பேசித் திரிந்தனர். அப்பேச்சு பொருந்தாது. எழுத்து குற்றமற்றது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் ஒரு மொழியின் எழுத்தை வாயிலில் நிறுத்தி, 'நீ வந்ததனால் கதவு விழுந்தது' என்று கூறுதல் முறையன்று. கதவைத்தான் செப்பனிட வேண்டும். 2015ஆம் ஆண்டு மே திங்களில் அரபு எழுத்துகள் கலந்த ஒரு தொடரும், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிந்தி எழுத்துகள் கலந்த ஒரு தொடரும் அந்நிறுவனத்தின் கைப்பேசிகளில் இவ்வாறே இடர் விளைத்தன. அரபு, தெலுங்கு, சிந்தி என்னும் இவ்வரிசை நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கருவி செய்வோர் தாம் அன்றாடம் எழுதும் எழுத்தை ஆயிரம் முறை சோதித்துவிடுகின்றனர்; தாம் எழுதாத எழுத்தின் மூலை முடுக்குகள் அவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஆதலின், நம் மொழியை நன்கு அறிந்தவர் கருவி செய்யுமிடத்தும் இருத்தல் வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயில்வோருக்கு இது புதிய கருத்தன்று. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இவை, இறுதியில் வரும் எழுத்துகள் இவை என்று நன்னூல் வரையறுக்கிறது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதை மெய்ம்மயக்கம் என்னும் பகுதியில் கூறுகிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ர், ழ் ஆகிய இரண்டும் தம்மொடு தாம் மயங்கா. வரும் எழுத்தை எதிர்பார்த்து, அதன் எல்லையை முன்கூட்டியே வகுத்து வைத்தல் என்பதே இதன் பொருள். மென்பொருள் எழுதுவோர் செய்ய வேண்டுவதும் இதுவே.

ஆயினும், இலக்கணம் அறிதல் பாதிப் பணியே. இலக்கணத்துக்கு ஒவ்வாத தொடர் வந்தால் செய்ய வேண்டுவது யாது என்பது மறுபாதி. மாணவன் ஏட்டில் பிழையொன்றைக் கண்ட ஆசிரியர் மயங்கி வீழ்ந்துவிடுவதில்லை. சிவப்பு மையால் ஒரு கோடிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறார். அடுத்த ஏட்டையும் திருத்துகிறார். மென்பொருளும் அவ்வாறே ஒழுக வேண்டும். தனக்கு விளங்காத தொடர் வந்தால் ஒரு கட்டத்தையோ வினாக்குறியையோ இட்டுவிட்டு, மேற்கொண்டு தன் பணியைத் தொடர வேண்டும். ஒரு செய்தி சிதைவதனால் எல்லாச் செய்திகளும் சிதைதல் ஆகாது.

இவ்விடரைத் தடுக்கும் வழிகள் நான்கு. முதலாவது அளவெல்லை. பெயர் எழுதும் கட்டத்தில் நூறு எழுத்து போதுமாயின், இலட்சம் எழுத்தை ஏற்க வேண்டுவதில்லை. இரண்டாவது அடுக்கெல்லை. ஒன்றினுள் ஒன்றாக விரியும் உள்ளீட்டை எத்தனை அடுக்கு வரை விரிப்பது என்று வரையறுத்தல் வேண்டும். மூன்றாவது கால எல்லை. இத்தனை நொடிக்குள் முடியாத பணியைக் கைவிட்டு அடுத்தவரைக் கவனித்தல் வேண்டும். நான்காவது பிரித்து வைத்தல். ஓர் அறையில் தீப்பற்றினால் வீடு முழுவதும் எரியாதவாறு சுவர் எழுப்புவது போல, ஓர் உள்ளீட்டினால் நேரும் வீழ்ச்சி பிற பணிகளைத் தீண்டாதவாறு அமைத்தல் வேண்டும்.

காவலுக்கும் அளவு வேண்டும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனம் உலகின் பல இலட்சம் தளங்களுக்கு வாயிற்காவல் புரிந்து வருவது. 2019ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள், தீய உள்ளீட்டைக் கண்டறிந்து தடுப்பதற்காக அஃது ஒரு புதிய விதியை இட்டது. அவ்விதியில் அமைந்த தேடல் முறை, முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்கும் இயல்பினதாய் இருந்தது. கணினிகளின் ஆற்றல் முழுவதையும் அத்தேடலே விழுங்கிற்று. எதிரி எவரும் தாக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ 27 நிமிடங்கள் எண்ணற்ற தளங்களைத் திறக்க இயலவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காது, இன்னது தவறு, இவ்வாறு திருத்தினோம் என்று விரிவாக எழுதி வெளியிட்டது. அதனைப் படித்துப் பிறரும் தம் மென்பொருளைச் சோதித்துக்கொள்ள வழி பிறந்தது.

இனி, இவற்றை அறிந்தவர் ஒழுக வேண்டிய முறையையும் கூறுதல் வேண்டும். ஒரு பூட்டின் குறையை அறிந்தவன் முன்னே இரு வழிகள் உள. ஒன்று, பூட்டுக்கு உரியவனிடம் சென்று உரைத்தல். மற்றொன்று, இரவில் சென்று திறந்து பார்த்து மகிழ்தல். 2018இல் அத்தெலுங்குத் தொடரை அறிந்தோர் சிலர், வேடிக்கை என்று கருதிப் பிறருக்கு அனுப்பினர். பெற்றவரோ, அவசரச் செய்தி எதனையும் படிக்க இயலாது தவித்தனர். அனுப்பியவருக்கு ஒரு நொடி நகைப்பு. பெற்றவருக்கு ஒரு நாள் தொல்லை. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் கணினியைப் பயன்படுத்த இயலாதவாறு தடுப்பதையும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. நேர்மையற்ற நோக்குடன் அதனைச் செய்தவருக்கு 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. குறை கண்டவர் அதனை மென்பொருள் செய்தவருக்கு அறிவிக்கலாம். 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவுக்கும் எழுதலாம். சட்டத்துக்கு அஞ்சி ஒழுகுவதினும், பிறர் வழியை அடைத்தல் தகாது என்று உணர்ந்து ஒழுகுதலே உயர்ந்தது.

மாணவர்களே, இன்று இக்கருவிகளைப் பயன்படுத்தும் உங்களுள் சிலர் நாளை அவற்றைச் செய்வோராக விளங்குவீர்கள். அப்பொழுது உங்கள் மென்பொருளின் வாயிலுக்குத் தமிழரும் தெலுங்கரும் அரபியரும் வருவர். அறிஞரும் குழந்தையும் வருவர். பிழையாக எழுதுவோரும், வேண்டுமென்றே கேடு சூழ்வோரும் வருவர். வருவோர் அனைவரும் நல்லவர் என்று நம்பிக் கதவைக் காவலின்றி விடுதலும் கூடாது. தீயவர் சிலர் உளர் என்று அஞ்சி அடைத்துவிடுதலும் கூடாது. எவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எதனையும் அளந்து ஏற்றுக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசியில் அமைதியாக நிற்கும் ஒருவருக்கும் உரிய நேரத்தில் வழி கிடைக்குமாயின், அவ்வாயில் செம்மையாக அமைந்தது என்று துணிந்து கூறலாம்.

பயிற்சி

1. வாயிலுக்கு உரிய இரு கடமைகள் யாவை? அவை மென்பொருளுக்குப் பொருந்துமாறு எங்ஙனம்?
2. ஒன்பது தாள்களுக்குப் பதிலாக ஆறு தாள்கள் இருப்பின், அருச்சகர் ஓத வேண்டிய பெயர்கள் எத்தனை? நொடிக்கு ஒரு பெயராக ஓதினால் எத்தனை நாள் ஆகும்?
3. 20,000 வெற்றிடங்கள் 20 கோடி முறை எண்ணப்பட்டது எவ்வாறு என்பதை விளக்குக.
4. 'எழுத்து குற்றமற்றது' என்று ஆசிரியர் கூறுவதன் காரணத்தை எழுதுக.
5. சேவை மறுப்பைத் தடுக்கும் நான்கு வழிகளையும், நீங்கள் அன்றாட வாழ்விற் காணும் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.